புல்வெளிதோறும் ஒரு தொழுவம்

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஸ்வேல்டேல் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே கன்னர்சைடு, மியூக்கர் ஊர்களைச் சுற்றி, ஏறக்குறைய வயலுக்கு ஒன்றாகக் கல் தொழுவங்கள் நிற்கின்றன. பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டவை. இவற்றின் கட்டடக்கலை சுவரில் மட்டும் இல்லை, அவை நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பேன். மழை அடிக்கடி குறுக்கிடும் மண் அது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லைச் சரிவுகளில் ஊர்வரை சுமப்பதைவிட, அறுத்த இடத்திலேயே சேர்த்துவைப்பது எளிது. குளிர்காலத்தில் மாடுகளும் அங்கேயே அடைபட்டன; விவசாயிதான் நடந்துபோய்த் தீனி போட்டார். சாணமும் அதே வயலுக்கு உரமானது.

உள்ளமைப்பு முழுதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே. ஒரு பாதியில் தரையிலிருந்து கூரைவரை புல்; மறுபாதியில் கல்பலகைத் தடுப்புகளுக்கிடையே மாடுகள், அவற்றின் தலைக்கு மேல் பரணிலும் புல். சுவரின் உயரத்தில் ஒரு திறப்பு, கவைக்கோலால் புல்லை உள்ளே தள்ளுவதற்கு. சரிவில் நிற்கும் பல தொழுவங்களில் அந்தத் திறப்பு மேட்டுப் பக்கம் இருக்கிறது. மலையின் சாய்வே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சுவர் இரண்டு அடுக்குக் கல், நடுவே சில்லுக்கல். இரண்டையும் பிணைக்கக் குறுக்கே கிடத்திய நீளக் கற்களின் முனைகள் வெளியே வரிசையாகத் துருத்தி நிற்கின்றன. கூரையின் கல் ஓடுகள் இறவாரத்தில் அகலமாகத் தொடங்கி, முகடு நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகின்றன.

தேவைக்குக் கட்டியது எப்படிக் கலையாகும் என்று கேட்கலாம். தேவை எல்லோருக்கும் பொது. அதற்குச் சரிவையும் கல்லையும் இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்தியது கொத்தர்களின் தேர்ந்த அறிவு.

இன்னொரு வாதம் கனமானது. இன்றைய மந்தைகள் பெரிய கொட்டகைகளுக்குப் போய்விட்டன. வீடாக மாற்றாவிட்டால் தொழுவம் இடியும் என்கிறார்கள். இடியும் என்பது உண்மை. ஓர் ஓடு சரிந்தால் தண்ணீர் இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும், பிறகு சுவர் பிளக்கும். ஆனால் வீடு என்றால் மூடிய சுவரில் சன்னல்கள், புல்வெளியின் நடுவே கார்ப் பாதை, மின்கம்பிகள். கல் மிஞ்சும், வயலோடு இருந்த உறவு அறுந்துபோகும். சாலையோரத் தொழுவங்கள் வீடாகட்டும். வயல் நடுவே நிற்பவற்றுக்கு ஆட்டுப்பட்டியாகவோ கிடங்காகவோ வேலை கொடுத்து, கூரையைப் பழுதுபார்க்கப் பொதுப்பணம் தருவதே நியாயம்.