ஒத்தக் கண்ணு கார்: உடைந்த ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திருநெல்வேலி – திருச்செந்தூர் சாலையில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியை ஒட்டிப் போகும் அந்தப் பாதையில், பாதயாத்திரைக் கூட்டம் ஓரமாக நடந்துகொண்டே இருக்கும். அந்த இருட்டில் தூரத்தில் ஒற்றை விளக்கு ஒன்று வருகிறது. "பைக்குதான்" என்று எதிரே வருபவர் நினைக்கிறார். பைக்குக்கு எவ்வளவு இடம் விடுவோமோ அவ்வளவுதான் விடுகிறார். கிட்ட வந்த பிறகுதான் தெரிகிறது, அது ஒரு பக்கம் ஹெட்லைட் எரியாத கார் என்று.

அணைந்திருப்பது வலது பக்க விளக்கு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். நம் ஊரில் எதிர் வண்டியை உரசிப் போகும் பக்கம் அதுதான். "இன்னொரு லைட்டு எரியுதுல்லா, போதும் அண்ணாச்சி" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

பழைய கார்களில் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால், புது விளக்கு எரிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அது எங்கே அடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்தால்தான் முடியும்.

பல்பா, டூமா?

முதலில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடி நன்றாக இருந்து ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், கப்ளர், எர்த் ஒயர் ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணம். நிறைய கார்களில் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் உண்டு. எரிகிறது, ஆனால் மங்கலாக எரிகிறது என்றால் பெரும்பாலும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே சரியாகிவிடும்.

கண்ணாடி உடைந்திருந்தால் மெக்கானிக்குகள் 'டூம்' என்று சொல்லும் முழு விளக்கையும் மாற்றுவதே நல்லது. டேப் ஒட்டி ஓட்டினால் விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு மெல்லியது. ஈரம் பட்டால் கறுத்துப்போகும், துணியால் துடைத்தால் உரிந்துவிடும். அதன்பிறகு எத்தனை புது பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது. 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த பெருவெள்ளத்தில் தண்ணீருக்குள் நின்ற கார் என்றால், விளக்கின் உள்பக்கத்தையும் எர்த் இணைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

காரின் மாடல், வருடம், எந்தப் பக்கம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மாருதி 800 மட்டுமே 1983 முதல் 2014 ஜனவரி வரை தயாரானது. இடையில் முகம் மாறியிருக்கிறது. முடிந்தால் பழைய டூமைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

வெளிநாட்டுப் பொருளை ஆன்லைனில் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். டிம் லைட்டின் ஒளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாது. சாலை ஓரம் தெரிவதற்காக ஒரு பக்கம் சற்று மேலேறி அடிக்கும். இடதுபுறம் ஓட்டும் நமக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா போல வலதுபுறம் ஓட்டும் நாடுகளின் டூமை மாட்டினால், அந்த ஒளி நேராக எதிரே வருபவர் கண்ணில் விழும்.

கழற்றி மாட்டுவது எப்படி?

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10-ம் நம்பர் ஸ்பேனர், கையுறை, சுத்தமான துணி போதும். உடைந்த கண்ணாடி என்பதால் கையுறை கட்டாயம்.

1. இன்ஜினையும் விளக்கையும் அணைத்து, பல்பு ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.

2. பானட்டைத் திறந்து, டூமின் பின்னால் இருக்கும் கப்ளரைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு ரப்பர் மூடியை எடுத்து, கம்பி கிளிப்பை விடுவித்தால் பல்பு வந்துவிடும்.

3. டூமைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். சில மாடல்களில் முதலில் கிரில்லையோ பக்கவாட்டு இண்டிகேட்டரையோ எடுக்க வேண்டியிருக்கும். எந்த போல்ட் எங்கே இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

4. அம்பாசடர் போன்ற வட்ட விளக்கு என்றால் முன்பக்கமாகத்தான் வேலை. வெளி வளையத்தை எடுத்தால் உள்ளே இன்னொரு வளையமும் அதைப் பிடிக்கும் சிறு திருகுகளும் தெரியும். அங்கேயே ஒளியின் திசையை மாற்றும் இரண்டு பெரிய திருகுகளும் இருக்கும். அவற்றைத் தெரியாமல் திருகிவிடாதீர்கள்.

5. புது டூமை மாட்டி, பல்பைப் பொருத்துங்கள். ஹெச்4 பல்பு என்றால் அதன் மூன்று காதுகளும் ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள்.

6. ரப்பர் மூடியை மறக்காமல் இறுக்கமாக மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே உள்ளே நீராவி படிந்துவிடும்.

"அப்படியே பவர் பல்பு போட்டா என்ன?"

பலரும் கேட்கும் கேள்வி. சாதாரண ஹெச்4 பல்பு 60/55 வாட். பிரைட்டில் இரண்டு பல்பும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்பு போட்டால் அது கிட்டத்தட்ட 17 ஆம்பியர் ஆகிவிடும். ரிலே இல்லாத பழைய காரில் அத்தனையும் ஸ்விட்ச் வழியாகவே போக வேண்டும். முதலில் கப்ளர் உருகும், பிறகு ஒயர் கருகும். வெளிச்சம் போதவில்லை என்றால் ரிலேயுடன் கூடிய ஒயரிங் போட்டுப் பாருங்கள். 60 வாட்டிலேயே வித்தியாசம் தெரியும்.

ஹாலஜனுக்காகச் செய்த டூமில் எல்இடி பல்பு போடுவதும் சரிவராது. ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது அந்த ரிஃப்ளெக்டர். ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் வெளிச்சம் சிதறும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று இருக்கும். எதிரே வருபவருக்குச் சாலையே தெரியாது.

கடைசி வேலை: சுவரில் பார்ப்பது

பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு, இருட்டிய பிறகு சமதளத்தில் ஒரு சுவருக்கு 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் நீளமாக டேப் ஒட்டுங்கள்.

டிம் லைட்டைப் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்த டேப்புக்குச் சுமார் 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டூமில் பொதுவாக இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று மேல்-கீழ், மற்றது இடம்-வலம். ஒரு விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருகி மற்றதைச் சரிசெய்யுங்கள். டூம் உட்காரும் தகடே வளைந்திருந்தால் எவ்வளவு திருகினாலும் சரியாகாது; அது டிங்கரிங் கடைக்குப் போக வேண்டிய வேலை.

சட்டமும் இதைக் கேட்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 1.5 மீட்டர் என்பது ஏறத்தாழ சாலையில் நிற்கும் ஒரு ஆளின் கண் உயரம். 15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும்போதும் விளக்குகளைப் பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒரு ஆளைக் காரில் உட்காரவைத்து டிம் போடச் சொல்லிவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்து முன்னால் போய் நின்று பாருங்கள். உங்கள் கண் கூசினால், சாலையோரம் நடந்து வருபவருக்கும் கூசும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைக்காமல் இன்னும் கால் சுற்று திருகுங்கள்.