மண்ணடி உயிர்கள் – 12: ஓடிய யுரேனியத்தை உட்காரவைத்தவை

அடிபம்பில் அடித்த தண்ணீரைக் குடத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். இரும்பு மிகுந்த மண் உள்ள ஊர்களில், அடிக்கும்போது கண்ணாடிபோல் வரும் தண்ணீர், விடிவதற்குள் மஞ்சளித்துப்போய்க் குடத்தின் அடியில் செம்பழுப்பு வண்டலாகப் படிந்திருக்கும். பூமிக்கடியில் காற்றில்லாத இடத்தில் இரும்பு கரைந்து கிடக்கிறது. மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகி இறங்கிவிடுகிறது. இந்த வாரக் கதை முடியும்வரை அந்தக் குடத்தை நினைவில் வைத்திருங்கள். யுரேனியத்தின் குணம் இதற்கு நேர்மாறு. காற்றுப் பட்டால் அது கரைந்து ஓடும். காற்று அற்ற இடத்தில், எலெக்ட்ரான் கொடுக்க ஆள் இருந்தால், கரையாத கருந்தூளாகப் படியும்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ரைஃபில் என்றொரு சிற்றூர். கொலராடோ ஆறு அதை ஒட்டி ஓடுகிறது. 1924-இல் ஆற்றங்கரையில் வனேடியம் பிரிக்கும் ஆலை ஒன்று வந்தது. பின்னாளில் அங்கேயே யுரேனியமும் பிரித்தார்கள். 1958-இல் ஆலை மூடப்பட்டது. தாதை அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையை ஆற்றோரமாகவே குவித்துவிட்டுப் போனார்கள். இப்படிப்பட்ட சக்கைமேடுகளை அகற்ற 1978-இல் தனிச் சட்டமே வந்தது. ரைஃபிலின் மேட்டை 1990-களில் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே புதைத்து மூடினார்கள்.

மேடு போய்விட்டது. அத்தனை ஆண்டுகள் அதிலிருந்து கசிந்து இறங்கிய யுரேனியம் போகவில்லை. நிலத்தடி நீரில் கார்பனேட்டுடன் கைகோத்துக் கரைந்து, ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நீருக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 44 மைக்ரோகிராம். பல கிணறுகளில் அதைவிடச் சில மடங்கு கூடுதலாக இருந்தது. பூமிக்கடியில் பரவிக் கிடக்கும் ஈரமண் முழுவதையும் தோண்டி எடுக்க யாரால் முடியும்?

இங்கேதான் பொட்டோமாக் ஆற்றின் சேறு கதைக்குள் வருகிறது. அந்தச் சேற்றிலிருந்து டெரக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா பற்றி 1987-இல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. துரு கலந்த நீரில் அதை வளர்த்தால், துரு கறுத்துக் காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட்டாக மாறியது. நாம் மூச்சு விடுவது எதற்கு? உணவை எரிக்கும்போது மிஞ்சும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். நமக்கு ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்கிறது. காற்றே எட்டாத சேற்றில் இந்த உயிர் துருவிடம் எலெக்ட்ரானைக் கொடுத்து மூச்சு விடுகிறது. துரு திடப்பொருள், உடலுக்குள் இழுக்க முடியாது. ஆகவே எலெக்ட்ரானை வெளியே கடத்த மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கம்பிகளை நீட்டுகிறது. பிறகு இந்த இனத்துக்கு ஜியோபாக்டர் என்று பெயரிட்டார்கள். 1991-இல் லவ்லி குழு இன்னொன்றையும் காட்டியது: இரும்புக்குக் கொடுக்கும் எலெக்ட்ரானை இது யுரேனியத்துக்கும் கொடுக்கும். வாங்கிக்கொண்ட யுரேனியம் கரைசலிலிருந்து விலகிப் படிந்துவிடும்.

சோதனைக் குழாயில் நடந்தது மண்ணுக்குள் நடக்குமா? 2002-இல் ரைஃபிலில் பார்த்தார்கள். வெளியிலிருந்து எந்தக் கிருமியையும் கொண்டுவந்து விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஜியோபாக்டர் அங்கே ஏற்கெனவே இருந்தது, பசியோடு. அசிட்டேட், அதாவது வினிகரில் உள்ள அமிலத்தின் உப்பு, வரிசையாகப் போட்ட துளைகள் வழியாக நிலத்தடி நீரில் விடப்பட்டது. 9 நாட்களிலேயே யுரேனியம் குறையத் தொடங்கியது. 50 நாட்களுக்குள் சில கிணறுகளில் அது வரம்பை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்துவிட்டது. அந்த நாட்களில் எடுத்த நீரில் ஜியோபாக்டர் பெருகியிருந்தது. கரைந்த இரும்பும் கூடியிருந்தது.

தீனி தொடர்ந்தது. யுரேனியம் மறுபடி ஏறத் தொடங்கியது.

காரணத்தைத் தேடியபோது, அந்த மண்ணின் குடித்தனமே மாறியிருந்தது தெரிந்தது. நீரில் யுரேனியம் இருப்பதோ துளியளவு. அதை நம்பி ஒரு கூட்டம் வாழ முடியாது. ஜியோபாக்டர் வாழ்ந்தது இரும்பால்தான், யுரேனியம் போகிறபோக்கில் நடந்த வேலை. துளைகளுக்கு அருகே கைக்கெட்டிய துரு தீர்ந்ததும் அது சுருங்கியது. அசிட்டேட்டை உண்ண சல்பேட்டால் மூச்சு விடும் பாக்டீரியாக்கள் வந்து உட்கார்ந்தன. அவை யுரேனியத்தைக் கவனிக்கவில்லை. எவ்வளவு ஊட்டுகிறோம் என்பதோடு, ஊட்டியதை யார் தின்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் என்று அந்தக் கிணறுகள் சொல்லின. அதே மண்ணையும் நீரையும் பின்னர் மரபணு வழியே துருவியவர்கள் 2016-இல் 2,540 மரபணுத் தொகுதிகளை வெளியிட்டார்கள். அதுவரை அறியப்படாத 47 பெரும்பிரிவு பாக்டீரியாக்கள் அவற்றில் இருந்தன. நாம் யாருக்குச் சோறு போட்டோம் என்றே தெரியாமல் போட்டிருக்கிறோம்.

இதை எழுதும்போது ஒரு சொல்லைத் தவிர்க்கிறேன். 'சுத்திகரிப்பு' என்ற சொல். பாக்டீரியா கதிரியக்கத்தைத் தின்றுவிடுகிறது என்று யாராவது எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, வாசகரை அது ஏமாற்றுகிறது. யுரேனியம்-238-இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். எந்த உயிராலும் அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்க முடியாது. படிந்த யுரேனியம் அங்கேயே இருக்கிறது, கதிர்வீசிக்கொண்டு. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவு பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன். கீழே குடிநீர் எடுக்கும் ஊர்களுக்கு அது போதும்.

ஆனால் அதற்குக் காவல் வேண்டும். ஆக்சிஜன் கலந்த நீர் உள்ளே வந்தால் படிந்தது திரும்பக் கரையும். அதுவும் உறுதியான படிகமாகப் படியாமல், உதிரியாக ஒட்டிக்கொண்டிருக்கும் யுரேனியம் சீக்கிரம் கிளம்பிவிடும். மண்ணுக்குள் படிவது பெரும்பாலும் படிகம்தான் என்று நெடுநாள் நம்பினார்கள்; உதிரிப் பங்கும் கணிசம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

நைட்ரேட்டும் ஆக்சிஜனைப் போலவே படிந்ததைக் கிளப்பிவிடும். ரைஃபிலில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில், அணுஆயுத ஆலையின் அமிலக் கழிவை 1951 முதல் 1983 வரை அடித்தளப் பூச்சு இல்லாத 4 குளங்களில் கொட்டினார்கள். அந்தக் கழிவில் யுரேனியத்தோடு நைட்ரேட்டும் கொள்ளையாக இருந்தது. அங்கே அசிட்டேட்டுக்குப் பதில் எத்தனால் ஊட்டினார்கள். அந்தக் குளங்களுக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)