கழுத்து என்றால் எது?

ஓர் ஆங்கிலத் துண்டறிக்கை உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளையுறை அழற்சியைப் பற்றிப் பொதுமக்களை எச்சரிக்க அச்சிடப்பட்டது அது. கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, 'நெக்' விறைத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்பது அதன் சாரம். இதைச் சுவீடிஷ் மொழியில் பெயர்க்கும் பொறுப்பு உங்களுடையது. அகராதியைப் புரட்டுகிறீர்கள். 'நெக்' என்பதற்கு நேராக 'ஹால்ஸ்' என்று போட்டிருக்கிறது. அப்படியே எழுதிவிடலாமா?

கூடாது! சுவீடன் நாட்டவர் ஒருவர் தமக்கு 'ஹால்ஸில் வலி' என்று சொன்னால், தொண்டை வலி என்றுதான் பொருள். உங்கள் துண்டறிக்கையைப் படிப்பவர், 'சளி பிடித்திருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது' என்று எண்ணி, சூடாக எதையாவது குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடும். ஆனால் இந்த நோயில் விறைப்பது தொண்டை அல்ல, பின்கழுத்து. முகவாய் மார்பில் படும்படி நோயாளியால் தலையைக் குனிய முடியாது. பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில் சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பின்கழுத்துக்குச் சுவீடிஷில் 'நாக்கே' என்று தனிச்சொல் உண்டு. (நம் நாக்குக்கும் இதற்கும் உறவில்லை!) துண்டறிக்கையில் வரவேண்டிய சொல் இதுதான். அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாதி உண்மையைத்தான் சொன்னது. ஏன் இப்படி?

எல்லைக்கோடு போட்டவர் யார்?

மனித உடல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் கழுத்து இங்கே முடிகிறது, தோள் இங்கே தொடங்குகிறது என்று உடலின்மேல் கோடு எதுவும் வரையப்படவில்லை. அந்தக் கோட்டைப் போடுவது மொழி. ஒவ்வொரு மொழியும் அதைத் தன் விருப்பப்படி போட்டுக்கொள்கிறது.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கை' என்றால் தோளிலிருந்து விரல்நுனி வரை முழுவதும் அடங்கும். ஆங்கிலத்தில் 'ஆர்ம்' வேறு, 'ஹேண்ட்' வேறு. சுவீடிஷும் இந்த இடத்தில் ஆங்கிலத்தைப் போலவே பிரிக்கிறது. நாம் கையிலும் காலிலும் இருப்பவற்றை 'விரல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அவ்விரு மொழிகளிலும் கைவிரலுக்கு ஒரு சொல், கால்விரலுக்கு வேறு ஒரு சொல்.

வயிற்றுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. வெளியே தெரியும் வயிற்றுக்கு ஆங்கிலத்தில் 'பெல்லி', உள்ளே உணவு செரிக்கும் உறுப்புக்கு 'ஸ்டமக்'. சுவீடிஷில் இரண்டுக்கும் 'மாகே' என்ற ஒரே சொல் வழங்குகிறது. உறுப்பை மட்டும் தனியே சுட்ட வேண்டுமானால் 'வயிற்றுப் பை' என்று பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லைச் சொல்வார்கள். நாம் 'இரைப்பை' என்கிறோம் அல்லவா, அதே போல!

இன்னொரு வேடிக்கை. அம்மாவின் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சுவீடிஷில் சொல்ல, 'முழங்கால்' என்ற சொல்லையே பயன்படுத்துவார்கள். முழங்காலுக்கும் மடிக்கும் அங்கே ஒரே பெயர்தான்.

இடம் மாறிய சொற்கள்

ஆங்கிலமும் சுவீடிஷும் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த உறவு மொழிகள். ஒரே பாட்டியின் பேத்திகள் எனலாம். அதனால் பல சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்கும். மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

ஆங்கிலத்தில் 'ரிஸ்ட்' என்றால் மணிக்கட்டு. சுவீடிஷில் 'வ்ரிஸ்ட்' என்றால் கணுக்கால் பகுதி! இரண்டும் 'திருகுதல்' என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. திரும்பும் மூட்டு என்ற பெயர் ஒரு மொழியில் கையில் தங்கிவிட்டது, மற்றொன்றில் காலுக்கு இறங்கிவிட்டது. அதே போல, ஆங்கிலத்தில் முகவாயைக் குறிக்கும் 'சின்' என்ற சொல்லின் உடன்பிறப்பு, சுவீடிஷில் கன்னத்தைக் குறிக்கிறது.

எல்லாவற்றையும்விட வியப்பானது காலின் கதை. பழைய ஆங்கிலத்தில் காலுக்கு வழங்கிய சொல் 'ஷேங்க்' என்பதன் முன்னோடி. கி.பி. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடாலயத்தை வைக்கிங்குகள் தாக்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் அவர்களில் பலர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசியது பழைய நார்ஸ் மொழி. சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் ஆகியவை அதன் வழிவந்தவை. அந்த மொழியிலிருந்துதான் 'லெக்' என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்து, காலுக்குரிய பெயராகிவிட்டது.

சரி, சொல்லைக் கொடுத்த பக்கத்தில் என்ன நடந்தது? சுவீடிஷில் 'லெக்' இன்றும் இருக்கிறது. ஆனால் அது முழுக் காலைக் குறிப்பதில்லை. இறைச்சிக் கடையில் விற்கும் விலங்கின் கீழ்க்கால் துண்டைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது. மனிதனின் காலுக்கு அங்கே 'பேன்' என்று பெயர். (நம் தலையில் ஊருவது அல்ல!) இதன் ஆங்கில உடன்பிறப்பு 'போன்', அதாவது எலும்பு. சுவீடிஷில் 'பேன்' என்பதற்கு எலும்பு என்ற பொருளும் உண்டு.

தோலின் கதையும் இதுவே. ஆங்கிலத்தின் 'ஸ்கின்' நார்ஸ் மொழியிலிருந்து வந்த இரவல். அதே சொல் சுவீடிஷில் விலங்கின் தோலையும் பதனிட்ட தோலையும் குறிக்கிறது. மனிதத் தோலுக்கு அங்கே 'ஹூட்' என்பார்கள். அதன் ஆங்கில உறவான 'ஹைட்', விலங்கின் தோலைக் குறிக்கிறது. இரண்டு வீட்டாரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டது போலில்லையா?

கட்டைவிரலைப் பிடியுங்கள்!

தனிச்சொற்களே இப்படியென்றால், மரபுத்தொடர்களைக் கேட்கவே வேண்டாம். நண்பன் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று விரும்பும் ஆங்கிலேயர், ஒரு விரலை மற்றொரு விரல்மேல் குறுக்கே போடுவார். சுவீடன்காரரோ கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கிப் பிடிப்பார். 'உனக்காகக் கட்டைவிரலைப் பிடிக்கிறேன்' என்பது அங்கே வாழ்த்து.

கைவேலை தெரியாதவனை 'எல்லாமே கட்டைவிரல்' என்று ஆங்கிலத்தில் கேலி செய்வார்கள். 'கையின் நடுவில் கட்டைவிரல் முளைத்தவன்' என்பது சுவீடிஷ் வழக்கு. ஒரு பொருளின் விலை மிக அதிகமானால், 'ஒரு கையையும் ஒரு காலையும் விலையாகக் கேட்கிறது' என்பது ஆங்கிலம். சுவீடிஷில் உடம்புக்குச் சேதமில்லை, 'சட்டையையே கேட்கிறது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயத்தில் ஆங்கிலேயரின் இதயம் வாய்க்கு வந்துவிடுகிறது. சுவீடன்காரரின் இதயமோ தொண்டைக்குழியோடு நின்றுவிடுகிறது. கடைசி நேரத்தில் தயங்கிப் பின்வாங்குபவருக்கு மட்டும் இரு மொழிகளிலும் பாதம் குளிர்ந்து போகிறது!

ஒருவர் விஷயத்தின் மையத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், ஆணியின் தலையில் அடித்தார் என்பது ஆங்கில மரபு. சுவீடிஷிலும் அதே கருத்துத்தான். ஆனால் 'வீட்டின் கூரை' என்பதை 'வீட்டின்மேல் உள்ள கூரை' என்று சொல்வது அம்மொழியின் இலக்கணம். அதன்படி 'ஆணிமேல் உள்ள தலையை அடித்தார்' என்பார்கள். இலக்கணம் அறியாமல் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'தலையை ஆணியில் மோதிக்கொண்டார்' என்றாகிவிடும்!

பிழைக்காத வழி

மருத்துவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்றியல் அறிஞர்கள் கூடி, 5,000-க்கும் மேற்பட்ட உடலுறுப்புகளுக்கு இலத்தீன் பெயர்ப் பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். அது பலமுறை திருத்தப்பட்டு, 1998-இல் புதிய அனைத்துலகப் பட்டியலாக வெளிவந்தது. ஒரு பகுதிக்கு ஒரே பெயர், எந்த நாட்டு மருத்துவருக்கும் விளங்கும்.

ஆனால் நம் துண்டறிக்கை மருத்துவருக்கு அல்ல, காய்ச்சல்காரக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு. அவளிடம் இலத்தீன் பேசிப் பயனில்லை. ஆகவே நல்ல மொழிபெயர்ப்பாளர் முதலில் அகராதியைத் திறப்பதில்லை. வலி எங்கே என்று தம் உடம்பில் தொட்டுப் பார்க்கிறார். பிறகு, அந்த இடத்துக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பெயரைத் தேடுகிறார்.

நீங்களும் முயன்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது விளையாட்டுக் கேலி. தமிழில் காலை வாரிவிட்டால் அது துரோகம். சுவீடிஷில் கேலிக்குக் காலே தேவையில்லை, வேறு சொல்தான். இதைப் போலக் கை, கால், தலை, கண் ஆகியவை வரும் பத்துத் தமிழ்த் தொடர்களை எழுதுங்கள். அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது எத்தனை தொடர்களில் அந்த உறுப்பு அப்படியே நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மொழி என்பது என்ன என்று அந்த எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.