சுவரில் படரும் பூஞ்சணம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. காற்றிலுள்ள ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டிற்கும் அதிகம். விடியற்காலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. இத்தகைய பருவநிலையில், நம் வீட்டுச் சுவர்களில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தோன்றுவதைப் பலரும் பார்த்திருப்போம். சிலர் அவற்றைத் துணியால் துடைத்துவிடுகின்றனர். சிலர் புதிய சாயம் பூசி மறைத்துவிடுகின்றனர். ஆயினும், சில வாரங்களில் அதே இடத்தில் புள்ளிகள் மீண்டும் தோன்றுகின்றன. இதற்குக் காரணம் என்ன?

அப்புள்ளிகள் வெறும் அழுக்கல்ல. அவை பூஞ்சணம் என்னும் உயிரியாகும். பூஞ்சணத்தின் நுண்வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அவை காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவை முளைத்து வளர, மிதமான வெப்பம், உணவு, ஈரம் ஆகியவை தேவை. நம் நாட்டில் வெப்பத்திற்குக் குறைவில்லை. சுவரில் படிந்த தூசி, சாயம், சுவர்த்தாளின் பசை, மரப்பலகை ஆகியவை அதற்கு உணவாகின்றன. இவற்றையெல்லாம் வீட்டிலிருந்து அகற்ற முடியாது. நம்மால் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றுதான். ஈரம் இருக்கும்வரை, துடைத்த இடத்தில் பூஞ்சணம் திரும்பவும் வளரும்.

எனவே, முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பூஞ்சணம் தோன்றும் இடமே அதற்குத் துப்புக் கொடுக்கும். கூரையில் தோன்றினால், மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசியக்கூடும். வீவக வீடுகளில் இத்தகைய கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பொதுவானது. சன்னலின் ஓரத்தில் தோன்றினால், விரிசல் வழியாக மழைநீர் உள்ளே வரக்கூடும். அலமாரியின் பின்புறத்தில் தோன்றினால், அங்குக் காற்றோட்டம் இல்லை என்று பொருள்.

குளிரூட்டியும் ஒரு காரணமாகலாம். பனிக்கட்டி போட்ட மைலோ கோப்பையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதைக் கண்டிருப்பீர்கள். குளிரூட்டப்பட்ட அறையின் சுவரும் அப்படித்தான். அச்சுவரின் மறுபக்கத்தில் ஈரக்காற்று படும்போது, அங்கு நீர்த்துளிகள் உருவாகின்றன.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரில் சுத்தமான, உலர்ந்த பகுதி ஒன்றில் நெகிழித்தாள் ஒன்றை வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் ஈரம் இருந்தால், நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் ஈரமாக இருந்தால், காற்றிலுள்ள ஈரமே காரணம்.

பூஞ்சணத்தை நீக்கும்போது பாதுகாப்பு மிகவும் முக்கியம். அதன் நுண்வித்துகளைச் சுவாசித்தால் சிலருக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் ஏற்படும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் அதிகரிக்கலாம். ஆகவே, அவர்களும் குழந்தைகளும் அவ்வறையில் இருக்கக் கூடாது. பெரியவர்களே இப்பணியைச் செய்ய வேண்டும். அவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் நுண்வித்துகள் அறை முழுவதும் பரவும். அதனால், சோப்பு நீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். பிறகு, துணியை நெகிழிப்பையில் கட்டி வீசிவிட்டு, மின்விசிறியால் சுவரை நன்கு உலர்த்த வேண்டும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும். எனவே, மருந்து தெளித்தால் மட்டும் போதாது; துடைத்து அகற்றவும் வேண்டும்.

குளியலறை ஓடுகளுக்குச் சிலர் குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தைப் பயன்படுத்துவர். அதனுடன் வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். அம்மோனியா கலந்த திரவத்துடன் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். மூடிய சிறிய குளியலறையில் இவ்வாயு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பூஞ்சணம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால், தேர்ச்சி பெற்றவர்களை அழைப்பதே நல்லது.

பூஞ்சணம் வராமல் தடுப்பது, வந்தபின் நீக்குவதைவிட எளிது. குளித்த பிறகு குளியலறைச் சன்னலைத் திறந்து வைக்கலாம். சமைக்கும்போது புகைபோக்கியை இயக்கலாம். ஈரத் துணிகளைப் படுக்கையறையில் உலர்த்துவதைத் தவிர்க்கலாம். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஓர் உள்ளங்கை அகலமாவது இடைவெளி விடலாம். மழையில்லாத நாள்களின் பிற்பகலில் வெளிக்காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டிற்குக் குறையும். வீட்டைத் திறந்து காற்றோட்டம் தர அதுவே ஏற்ற நேரம். எங்கேனும் நீர் கசிந்தாலோ சிந்தினாலோ, 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அவ்விடத்தை உலர்த்திவிட வேண்டும். அதற்குமேல் ஈரம் நீடித்தால் பூஞ்சணம் வேரூன்றிவிடும்.

சாயம் பூசி மறைப்பது, காயத்தைக் கழுவாமல் கட்டுப்போடுவதைப் போன்றது. ஈரத்தின் ஊற்றை அடைத்து, சுவரை நன்கு உலர்த்திய பின்னரே சாயம் பூச வேண்டும். இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் அறையிலுள்ள அலமாரியின் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். புள்ளிகள் தென்பட்டால், துணியை எடுப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றோருடன் சேர்ந்து ஆராயுங்கள்.