வண்டி வீடும் ரசமட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் பலர், படுக்கையும் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளில் நெடும்பயணம் செல்வர். 'மோட்டார் ஹோம்' எனப்படும் இவ்வண்டி ஓடும்போது ஊர்தி, நிற்கும்போது வீடு. ஆதலின், தங்குமிடத்தில் அது சாயாமல் மட்டமாக நிற்றல் வேண்டும்.

இஃது உறங்குவோரின் வசதிக்காக மட்டுமன்று. இத்தகைய வண்டிகள் பலவற்றிலுள்ள குளிர்பதனப் பெட்டி வெப்பத்தால் இயங்குவது. பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் சுவீடன் நாட்டு மாணவர் இருவர் 1922ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்தனர். இதன் குளிர்விக்கும் அமைப்பில் சுழலும் பொறி எதுவும் இல்லை. சுடரின் வெப்பத்தால் நீரினின்று பிரியும் அம்மோனியா ஆவி மேலே சென்று, குளிர்ந்து நீர்மமாகிறது. பின்னர் அது ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது, பெட்டியினுள் உள்ள வெப்பத்தைக் கவர்கிறது. இறுதியில் நீரிற் கலந்து கொதிகலத்திற்குத் திரும்புகிறது. நீர்மம் தாழ்விடம் நோக்கிப் பாயும் இயல்பே இதற்கு அடிப்படை. வண்டி மிகச் சாய்ந்து நின்றால் நீர்மம் குழாயில் தேங்கும். கொதிகலம் அளவுக்கு மீறிச் சூடேறும். நாளடைவில் குழாய் அடைபட்டுப் பெட்டி பாழாகும்.

வண்டியை மட்டப்படுத்துவோர் முதலில் உறுதியான, இயன்றவரை சமமான நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியின் தளத்தில் ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பார்த்தால், தாழ்ந்த பக்கம் விளங்கும். அப்பக்கத்துச் சக்கரங்களின்முன் அகன்ற பலகைகளை இட்டு, வண்டியை மெல்ல அவற்றின்மேல் ஏற்றுவர். டயர் முழுவதும் பலகைமேல் அமர்தல் வேண்டும். விளிம்பில் தொங்கினால் டயருக்குக் கேடு. பின்னர்க் கைப்பிரேக்கை இட்டுச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பர்.

சில வண்டிகளின் அடியிலேயே ஜாக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். மண் இளகியதாயின் அவற்றின் கீழும் பலகை இடுதல் நன்று. ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்குண்டு, முன்கண்ணாடி விரிசலுறவும் கூடும். ஆதலின் ஜாக்கிகளை இரண்டிரண்டாகவே இயக்குவர்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பற்றுகிறது. அச்சக்கரங்கள் நிலத்தை விட்டு எழுந்தால், அதனால் பயன் என்ன? வண்டி ஜாக்கியினின்று நழுவி உருளும். அருகில் நிற்போரின் உயிருக்கே இடையூறு நேரும். எனவே, பின்சக்கரங்களை ஒருபோதும் நிலத்தினின்று தூக்குதல் ஆகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழைதலும் ஆகாது.

நிலம் மிகச் சரிவாயின் வேறிடம் தேடுவதே அறிவுடைமை. வண்டியைச் செலுத்தக் கற்பவர் அதனை நிறுத்தவும் கற்றல் வேண்டும்.