மின்சாரக் காரின் பாட்டரியைப் பேணும் முறை

கடலூர்–விருத்தாசலம் சாலையும் சென்னை–கும்பகோணம் சாலையும் சந்திக்கும் ஊர் வடலூர். அதன் அண்டையிலுள்ள நெய்வேலியில் 1962-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். அன்று விளக்கெரிக்கவும் கிணற்று நீரை இறைக்கவும் பயன்பட்ட மின்சாரம் இன்று காரையும் ஓட்டுகிறது.

மின்சாரக் காரில் விலை மிகுந்த உறுப்பு அதன் பாட்டரியே. நிறுவனங்கள் பல அதற்கு 8 ஆண்டுகள் பொறுப்பேற்கின்றன. அதற்கு அப்பாலும் அது தளராது உழைப்பது, நாம் சார்ஜ் ஏற்றும் பழக்கத்தையும் பொறுத்தது.

டிராக்டரிலுள்ள ஈயப் பாட்டரியை நாம் நன்கு அறிவோம். அதை வெறுமையாக விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். ஆகவே அதனை எப்போதும் நிறைத்து வைப்பதே முறை. காரை ஓட்டும் லித்தியம் பாட்டரியின் இயல்பு வேறு. நிறைந்த நிலையில் வெப்பத்தில் நெடுநேரம் நின்றால் அது விரைவில் மூப்படையும். உள்ளிருக்கும் திரவம் சிதைந்து மின்வாயின் மேல் படலமாகப் படிகிறது. லித்தியத்தின் ஒரு பகுதி அப்படலத்தில் சிக்கிப் பயனற்றுப் போகிறது. ஈயத்துக்கு நன்மை தரும் பழக்கம் லித்தியத்துக்குத் தீமையாவது இதனால்தான்.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டியவை வருமாறு:

1. அன்றாட ஓட்டத்திற்கு 80 சதவீதம் வரை ஏற்றினால் போதும். 20 சதவீதத்துக்குக் கீழே அடிக்கடி இறங்க விடலாகாது. நெடும்பயணத்திற்கு மட்டும் முழுவதும் ஏற்றி, ஏறியதும் புறப்படுதல் நலம்.

2. வெயிலில் உழைத்த மாட்டை முதலில் நிழலில் கட்டி இளைப்பாற்றுகிறோம் அல்லவா? காரையும் அவ்வாறே நிழலில் நிறுத்தி, சூடு தணிந்தபின் இரவில் ஏற்றுவோமாக.

3. நாள்தோறும் வீட்டில் மெதுவாக ஏற்றுவதே சிறந்தது. நெடுஞ்சாலையிலுள்ள விரைவு நிலையங்கள் பயணத்தின்போது தேவைக்கு மட்டும் உதவட்டும்.

4. வாரக்கணக்கில் ஓட்டாது நிறுத்த நேர்ந்தால், பாதியளவு ஏற்றி வைப்பது போதும்.

இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பாட்டரிகளை, அளவுமானி பிழையின்றிக் காட்டும் பொருட்டு, அவ்வப்போது முழுவதும் ஏற்றுமாறு நிறுவனங்கள் கூறுவதுண்டு. எனவே காருடன் வரும் கையேட்டைப் பார்த்து நடப்பதே முறை. வீட்டில் ஏற்றுவதற்கு, நில இணைப்புள்ள தனி மின்கம்பி வழி அவசியம்.

ஊராட்சிகளில் குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிகளுக்கும் இவ்வறிவு வேண்டும். நம் ஊராட்சி வண்டியிலிருப்பது ஈயமா, லித்தியமா என்பதை உறுப்பினர்கள் கேட்டறிந்து, அதனை ஓட்டும் தூய்மைக் காவலர்களுக்கு விளக்குவார்களாக. ஈயமாயின் அன்றன்றே நிறைய ஏற்றுக. லித்தியமாயின் மேற்கூறியவாறு அளவோடு ஏற்றுக. அந்த வண்டி ஊரார் பணத்தில் வாங்கியது. அது ஓராண்டு கூடுதலாக உழைத்தாலும் ஊருக்கே ஆதாயம்.