மீட்புத் திறவுகோல் பேணல்

மறைக்குறியாக்க மென்பொருள், கடவுச்சொல் மறந்துபோகும் நாளுக்கென மீட்புத் திறவுகோல் ஒன்றையும் உருவாக்கித் தருகிறது. ‘மீட்பு’ என்னும் பெயர்கொண்டு அதனைத் துணைப்பொருளாக எண்ணலாகாது. கணினியோடு அதுவும் கைக்கு வந்தால், கடவுச்சொல் இன்றியே எவரும் கோப்புகளைத் திறந்துவிடலாம்.

விண்டோசின் பிட்லாக்கரில் அது 48 இலக்க எண்; ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக அமையும். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். ஆதலின் ஒரு தொகுதியில் ஓரிலக்கம் பிழைபட்டாலும் வகுத்துப் பார்த்துக் கண்டறியலாம். கையால் படியெடுப்போர்க்கு இஃது எளிய சோதனை.

திறவுகோலை அதே கணினியில் மட்டும் வைத்தல், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுதல் போன்றது. தாளில் அச்சிட்டு, இரு வேறிடங்களில் பாதுகாத்தல் நன்று. படமெடுத்துப் புலனத்தில் பகிர்தல் தகாது. கடவுச்சொல்லும் திறவுகோலின் எல்லாப் படிகளும் தொலைந்தால், மென்பொருளை ஆக்கியோரும் திறந்து தர இயலார். மாணவரின் ஆய்வேடும் ஆசிரியரின் பல்லாண்டுக் குறிப்புகளும் பூட்டியபடியே கிடக்கும்.